மூன்று பை எஸ்.டி.பி. ஏற்றியும் பிளேட்லெட் கவுண்ட் ஆறாயிரத்திலேயே நிற்கிறது, ஏன்?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு (வயது 38, இரண்டு பிள்ளைகள்) ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். முதல் கீமோ, ஏழு நாள் சைட்டரபின், அதில் மூன்று நாள் டானோரூபிசின், முடிந்து இன்றோடு ஐந்து நாள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) கவுண்ட் 6,000. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம்.

செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று பை எஸ்.டி.பி. (ஒரே டோனரிடமிருந்து மிஷினில் எடுக்கும் பிளேட்லெட்) ஏற்றினார்கள். ஒவ்வொரு பைக்கும் டோனரைத் தேடி, மிஷினில் உட்கார வைத்து, பில் கட்டி, ராத்திரி பத்து மணிக்குப் பை கைக்கு வரும். மறுநாள் காலை ரிப்போர்ட்டைப் பார்த்தால் 6,000, 7,000, மறுபடி 6,000. பணம் போனால் போகட்டும், இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. நான்காவது பைக்கு டோனர் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஏற்றியது எல்லாம் எங்கேதான் போகிறது?

ஓ பாசிட்டிவ் கோவை

தம்பி, நான் வருஷக்கணக்கில் பிளேட்லெட் கொடுப்பவன். மதுரையில் எனக்குத் தெரிந்த டோனர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அக்காவுக்கு என்ன குரூப் என்று போடுங்கள், இப்போதே போன் செய்கிறேன்.

நைட்ஷிப்ட் டெக்னீசியன்

கோவை அண்ணா, ஒரு நிமிஷம் பொறுங்கள். டோனர் கிடைப்பது இங்கே பிரச்சினை இல்லை போலிருக்கிறது. மூன்று பேர் கொடுத்தது ஏறவில்லை என்றால், நான்காவது ஆள் கொடுப்பது மட்டும் எப்படி ஏறும்?

வைகை, மூன்று கேள்வி. பதில் தெரியாவிட்டால் நர்ஸிடம் கேட்டு வாருங்கள்.

அக்காவின் குரூப் என்ன, ஏற்றிய மூன்று பையின் குரூப் என்ன? பிளேட்லெட்டுக்கு குரூப் பார்க்க வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு. உயிருக்கு ஆபத்து வராது என்ற அளவில் அது பாதி சரி. ஆனால் பிளேட்லெட்டின் மேலும் ஏ, பி அடையாளம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஓ குரூப்காரருக்கு ஏ குரூப் பை ஏற்றினால் ஏறுகிற அளவு குறையும்.

பை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கவுண்ட் பார்த்தார்களா, அல்லது மறுநாள் காலை மட்டும்தானா? இதுதான் முக்கியம். கீழே விளக்குகிறேன்.

மூன்றாவது, பையை ரத்த வங்கியிலிருந்து வார்டுக்குக் கொண்டு வந்தது யார், எதில் வைத்து?

சரி, ஒரு மணி நேரக் கணக்கு. பை முடிந்த பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கவுண்ட் எடுத்தால், ஏற்றியது உடம்புக்குள் ஓடத் தொடங்கியதா என்று தெரியும். மறுநாள் காலை எடுத்தால், ஓடத் தொடங்கியது ராத்திரி முழுக்கத் தாக்குப் பிடித்ததா என்று தெரியும். ஒரு மணி நேரத்தில் 30,000 வந்து காலையில் 7,000 ஆனால், ஏறியதை ஏதோ தின்கிறது: காய்ச்சல், கிருமி, ரத்தக் கசிவு, சில மருந்துகள். ஒரு மணி நேரத்திலேயே ஒன்றும் ஏறவில்லை என்றால் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேட வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தாலும் அப்படி ஆகலாம், அங்கே போய்ப் பதுங்கிக்கொள்ளும். உங்களிடம் காலை ரிப்போர்ட் மட்டும் இருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வைகைக்கரை

அக்கா ஓ பாசிட்டிவ். முதல் பை ஏ, இரண்டாவது பி, மூன்றாவதுதான் ஓ. ஒரு மணி நேரக் கவுண்ட் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் பையை நான்தான் வாங்கி வந்தேன். ரத்தம் என்றால் குளிரில்தானே வைக்க வேண்டும் என்று, வாசல் பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கி, சாப்பாடு கொண்டுபோகும் டிபன் பையில் போட்டு, அதன் மேல் வைத்துக் கொண்டு வந்தேன். வெயில் வேறு அப்படி. வார்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நைட்ஷிப்ட் டெக்னீசியன்

கூச்சப்படாதீர்கள், மாதத்துக்கு இரண்டு பேராவது ஐஸ் பெட்டியோடு எங்கள் கவுண்டருக்கு வருகிறார்கள். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரியில் ஃப்ரிட்ஜில் இருக்கும். பிளேட்லெட் அப்படி இல்லை. 20 முதல் 24 டிகிரி, அதுவும் ஒரு தட்டில் வைத்து ராத்திரி பகலாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான் ஆயுள். குளிரில் வைத்தால் அதன் வடிவம் மாறிவிடும், உடம்புக்குள் போனதும் கல்லீரல் சீக்கிரம் பிடித்து வெளியேற்றிவிடும்.

இனி பை வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் திரவத்துக்குள் பட்டுத் துணி அசைவதுபோல ஒரு மினுமினுப்பு சுழலும். நாங்கள் அதை ஸ்விர்லிங் என்போம். நல்ல பிளேட்லெட் தட்டையாக, வட்டமாக இருப்பதால் வெளிச்சம் அப்படிச் சிதறும். பாழானது உருண்டையாகிவிடும், மினுமினுப்பு இருக்காது, வெறுமனே கலங்கல் தண்ணீர் மாதிரி தெரியும். வார்டுக்குப் போனதும் உடனே ஏற்றச் சொல்லுங்கள். பெட் பக்கத்து மேஜையில் பை மூன்று மணி நேரம் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மூன்றாவது பை ஓ குரூப், ஐஸும் இல்லை, அதுவும் ஏறவில்லை. அதனால் பழியை டிபன் பை மேல் முழுசாகப் போட முடியாது.

மூலிகைப்பிரியன்

பப்பாளி இலைச் சாறு காலை மாலை 30 மில்லி கொடுங்கள். டெங்குவில் என் மச்சானுக்கு மூன்றே நாளில் 18 ஆயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் போனது. இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் வார்டு அம்மா

ஐயா, டெங்குவில் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாளில் கவுண்ட் தானாகவே ஏறும். உங்கள் மச்சான் இளநீர் மட்டும் குடித்திருந்தாலும் ஏறியிருக்கும். ரத்தப் புற்றில் எலும்பு மஜ்ஜையே கீமோவில் காலியாகக் கிடக்கிறது, எதை ஊக்குவிக்கப் போகிறீர்கள்? என் பையனுக்கு ஏ.எல்.எல்., இன்னொரு வகை ரத்தப் புற்று, ஆறு வயதில் வந்தது. பக்கத்து பெட் பையனுக்கு அவன் பாட்டி ஆசையாகப் பச்சை இலைச் சாறு கொடுத்தார், மறுநாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் ஐ.சி.யூ. சாறுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையணு இல்லாத பிள்ளைக்கு வேகவைக்காத எதையும் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வார்டில் போர்டே மாட்டியிருந்தார்கள், கொத்தமல்லி இலைகூட தூவ மாட்டோம்.

ஹீமாட் படிப்பவள்

நான் ஹெமட்டாலஜி மேற்படிப்பில் இருக்கிறேன். வைகை அண்ணா, உங்கள் டாக்டருக்குப் பதிலாக எதையும் சொல்ல வரவில்லை. அவரிடம் என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

டெக்னீசியன் அண்ணா சொன்னதை எண்ணில் போட ஒரு கணக்கு உண்டு, சி.சி.ஐ. என்போம். ஏற்றிய பின் உள்ள கவுண்டில் ஏற்றும் முன் இருந்ததைக் கழித்து, அதை நோயாளியின் உடல் பரப்பளவால் பெருக்கி, பையில் எத்தனை பிளேட்லெட் என்பதால் வகுப்பது. ஒரு எஸ்.டி.பி. பையில் குறைந்தது 3 லட்சம் மில்லியன் இருக்க வேண்டும், கணக்கில் அதை 3 என்று வைப்போம். அக்காவின் பரப்பளவு 1.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 இருந்தது ஒரு மணி நேரத்தில் 28,000 ஆனால், 22,000 பெருக்கல் 1.6, வகுத்தல் 3, கிட்டத்தட்ட 11,700. நல்ல ஏற்றம். வெறும் 8,000 ஆனால் விடை 1,100கூட வராது. அடுத்தடுத்து இரண்டு தடவை 5,000க்குக் கீழே வந்தால் பிளேட்லெட் ரிஃப்ராக்டரி என்று பெயர் வைக்கிறோம். சிலர் 7,500 என்று கோடு போடுவார்கள். அந்த இரண்டு தடவையும் குரூப் பொருந்திய, புதிய பையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே தப்பு.

ரிஃப்ராக்டரி ஆகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஆன்டிபாடி இல்லை, காய்ச்சலும் கிருமியும்தான். அக்காவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? ஆம்போடெரிசின் (பூஞ்சைக் கிருமிக்கான மருந்து) போகிறதா? மண்ணீரல் பெரிதாக இருக்கிறதா? ஆம்போடெரிசின் போகிறது என்றால் அதற்கும் பிளேட்லெட்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுப்போம்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தின்போது பிள்ளை வழியாக அப்பாவின் எச்.எல்.ஏ. அடையாளங்களை (செல்லின் மேல் ஒட்டியிருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளம்) தாயின் உடம்பு பார்த்துவிடும். சில பெண்களுக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி வருஷக்கணக்கில் தூங்கும். பிளேட்லெட்டின் மேலும் அதே எச்.எல்.ஏ. அடையாளம் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பை வந்ததும் அது விழித்துக்கொள்ளும். அதனால் ஒரு மணி நேரக் கவுண்ட் சரியில்லை என்றால் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி டெஸ்ட் அனுப்பலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.

நைட்ஷிப்ட் டெக்னீசியன்

டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இங்கே ஏமாறுகின்றன. எஸ்.டி.பி. என்றாலே உசத்தி, ஆர்.டி.பி. மட்டம் என்ற எண்ணம். ஆர்.டி.பி. என்பது ஒருவர் கொடுக்கும் சாதாரண ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சின்னப் பை, ஐந்தாறு சேர்ந்தால் ஒரு எஸ்.டி.பி.க்குச் சமம். ஆன்டிபாடியைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் கூடவே வரும் வெள்ளையணு. 1997இல் அமெரிக்காவில் டிராப் என்ற ஆய்வில் ஏ.எம்.எல். நோயாளிகள் 530 பேரைப் பார்த்தார்கள். ஃபில்டர் செய்யாத பிளேட்லெட் வாங்கியவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்தது. வெள்ளையணுவை வடிகட்டியோ புற ஊதாக் கதிர் காட்டியோ கொடுத்தவர்களுக்கு 17 முதல் 21 சதவீதம்தான். இதில் கவனிக்க வேண்டியது, பலர் கொடுத்ததை ஒன்றாக்கி வடிகட்டினாலும் ஒரே ஆளிடம் எடுத்து வடிகட்டினாலும் பலன் ஒன்றுதான்.

இப்போதைய எஸ்.டி.பி. மிஷின்கள் எடுக்கும்போதே வெள்ளையணுவைக் குறைத்துவிடுகின்றன. ஆனால் கூடவே ஏற்றும் சிவப்பணுப் பை? அதை ஃபில்டர் இல்லாமல் போட்டால் பின்வாசல் திறந்து கிடக்கிறது. முதல் நாளிலிருந்தே எல்லாப் பையும் ஃபில்டர் ஆனதா என்று கேட்க வேண்டும். ஃபில்டருக்குத் தனிக் காசு, அதனால்தான் பல இடங்களில் கேட்டால்தான் போடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை இங்கே கொட்டவில்லை.

திருச்சி மாமா

எல்லாம் சரி, 6,000 என்பது பயங்கரம் இல்லையா? 50 ஆயிரத்துக்கு மேல் வைக்கச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடுங்கள். தினம் இரண்டு பை போடட்டும்.

ஹீமாட் படிப்பவள்

மாமா, அப்படிக் கேட்டு வாசலில் சத்தம் போடுகிறவர்களை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன், பயம் புரிகிறது. காய்ச்சலோ ரத்தக் கசிவோ இல்லாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு 10,000க்குக் கீழே போனால் ஏற்றுவது என்பதுதான் பொதுவான கோடு. லம்பார் பங்ச்சர் (முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பது), ஆபரேஷன் என்றால் கோடு மேலே போகும். ஏ.பி.எல். என்ற வகையில் ரத்தம் உறைவதே கோளாறாக இருப்பதால் ஆரம்ப நாட்களில் 30,000 முதல் 50,000க்கு மேல் வைப்பார்கள். அக்காவுக்கு அந்த வகை இல்லை.

பை அளவைப் பற்றி 2010இல் பிளாடோ என்ற ஆய்வு வந்தது. 1,272 பேர். ஒரு கூட்டத்துக்குக் குறைந்த அளவு, ஒன்றுக்கு நடுத்தரம், ஒன்றுக்கு அதிகம். கவனிக்கத்தக்க ரத்தக் கசிவு 71, 69, 70 சதவீதம். வித்தியாசமே இல்லை. அதிகம் கொட்டினால் எண் அழகாகத் தெரியும், கசிவு குறையாது. அதற்காக ஏற்றாமலே விடவும் கூடாது: 2013இல் வந்த டாப்ஸ் ஆய்வில் முன்கூட்டியே பிளேட்லெட் கொடுக்காதவர்களில் 50 சதவீதம் பேருக்கும் கொடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும் கசிவு வந்தது.

ஆன்டிபாடி இருக்கிறவருக்குக் கண்ணில் பட்ட பையெல்லாம் ஏற்றுவதில் ஒரு பயனும் இல்லை, பொருந்துகிற பைக்குக் காத்திருப்பது நல்லது. ரத்தம் கொட்டினால் அது வேறு, அப்போது கிடைத்ததைப் போடுவோம்.

வைகைக்கரை

திங்கள் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நர்ஸைக் கூப்பிட்டு, "இனி ஒவ்வொரு பைக்கும் ஒரு மணி நேரக் கவுண்ட் எடுங்கள்" என்றார், அவ்வளவுதான். காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை, மண்ணீரல் சாதாரணம், ஆம்போடெரிசின் இல்லை. ஓ குரூப் பை ஏற்றி 50ஆவது நிமிஷம் எடுத்தார்கள். முன்பு 5,000, பின்பு 7,000. இன்று இன்னொரு ஓ குரூப், முன்பு 6,000, பின்பு 6,000. ஆன்டிபாடி டெஸ்ட் அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு கேள்வி. எனக்கும் ஓ பாசிட்டிவ், கூடப் பிறந்தவன். என் பிளேட்லெட் பொருந்த வாய்ப்பு அதிகம் இல்லையா? கொடுக்கிறேன் என்றால் "நீங்கள் வேண்டவே வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஹீமாட் படிப்பவள்

அண்ணா, உங்களைப் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். ஏ.எம்.எல். நோயாளிக்குப் பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம். கூடப் பிறந்தவருக்கு எச்.எல்.ஏ. முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இப்போதே உங்கள் ரத்தத்தை ஏற்றினால், எச்.எல்.ஏ. தாண்டிய சின்னச் சின்ன அடையாளங்களுக்கு எதிராக அக்காவின் உடம்பு பழகிக்கொள்ளும். அப்புறம் உங்கள் மஜ்ஜையைத் தள்ளிவிடக்கூடும். ரத்த உறவுகள் கொடுத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, கொடுத்தவரின் வெள்ளையணு உள்ளே குடியேறி நோயாளியையே தாக்குவது. அதைத் தடுக்கத்தான் பையைக் கதிர்வீச்சு காட்டித் தருகிறார்கள், 25 கிரே. கதிர்வீச்சும் ஃபில்டரும் வேறு வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. சித்தப்பா மகன், அத்தை மகன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியிருந்தால் அவர்களையும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் வார்டு அம்மா

வைகை தம்பி, பொம்பளையாக ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். அக்காவுக்கு மாதவிலக்கு தேதி எப்போது? இந்த கவுண்டில் அது வந்தால் நிற்காது. நிறுத்தி வைக்க மாத்திரை உண்டு, டாக்டர்கள் வழக்கமாகவே கொடுப்பார்கள், ஆனால் தம்பியும் வீட்டுக்காரரும் மட்டும் கூட இருக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. பல்லுக்குப் பிரஷ் வேண்டாம், டாக்டர் சொன்ன மவுத்வாஷ் போதும். தலைவலி என்றால் கடையில் வாங்கிய வலி மாத்திரை எதுவும் கூடாது. அப்படித் தலைவலி வந்தால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்புங்கள்.

வைகைக்கரை

நன்றி அக்கா. என் அக்காவிடமே கேட்டேன். நாளை மறுநாள் என்றாள், சொல்லத் தெரியாமல் இரண்டு நாளாகத் தவித்திருக்கிறாள். மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

வைகைக்கரை

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஆன்டிபாடி ரிசல்ட் வந்தது, எச்.எல்.ஏ. முதல் வகைக்கு எதிராக நிறைய இருக்கிறது என்றார்கள். எதிரே யார் வந்தாலும் பத்தில் எட்டுப் பேரின் பிளேட்லெட்டை இவள் உடம்பு அடிக்கும் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

எங்கள் ரத்த வங்கியில் கிராஸ்மேட்ச் (டோனரின் பிளேட்லெட் அக்காவின் ரத்தத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது) செய்ய வசதி இல்லை. வேறு ஊரில் ஒரு பெரிய ரத்த வங்கிக்கு அக்காவின் சீரத்தை அனுப்பினார்கள். அங்கே அடிக்கடி கொடுக்கும் ஓ குரூப்காரர்கள் 14 பேரின் மாதிரியோடு சேர்த்துப் பார்த்ததில் மூன்று பேருடையது ஒத்துப் போகிறது.

முதல் பை நேற்று ராத்திரி வந்தது. லைட்டில் பிடித்துப் பார்த்தேன், டெக்னீசியன் அண்ணா சொன்ன அந்தப் பட்டு மினுமினுப்பு இருந்தது. ஃபில்டர், கதிர்வீச்சு இரண்டுக்கும் லேபிள் ஒட்டியிருந்தது. ஏற்றும் முன் 5,000. ஒரு மணி நேரத்தில் 27,000. காலையில் 19,000. கணக்குப் போட்டேன், 11,700 வருகிறது, சரிதானே?

ஹீமாட் படிப்பவள்

சரிதான். காலை 19,000 இன்னும் முக்கியம், ராத்திரி தாங்கியிருக்கிறது. ஆன்டிபாடி காலப்போக்கில் மாறும், அதனால் அந்த மூன்று பேரையும் கொஞ்ச நாளில் மறுபடி கிராஸ்மேட்ச் செய்யச் சொல்லுங்கள். அக்காவின் ஃபைல் முதல் பக்கத்தில் இதைச் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அடுத்த கீமோவுக்கு வேறு டியூட்டி டாக்டர் இருப்பார்.

ஓ பாசிட்டிவ் கோவை

வைகை தம்பி, அந்தப் பெரிய ரத்த வங்கி கோவையில்தானே? போன வாரம் எனக்கும் போன் வந்தது, "அண்ணா, ஒரு மாதிரி மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், மதுரை நோயாளிக்கு" என்றார்கள். நேற்று மத்தியானம் மிஷினில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு பை கொடுத்தேன். யாருக்கு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். 48 மணி நேரம் இடைவெளி வேண்டும், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது, வருஷத்துக்கு 24. இந்த வருஷம் இன்னும் ஒன்பது பாக்கி. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.